செதுக்கவும் முகாமுக்கும் ஒரே கத்தி: எதை வாங்குவது?

காட்டுவழி:
முகாமுக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ளவும், ஓய்வில் கரண்டி, கூடார முளை என்று ஏதாவது செதுக்கவும் ஒரே கத்தி தேடுகிறேன். கையில் இருப்பது 15 செ.மீ. அலகு, 5 மி.மீ. தடிமன், முதுகில் ரம்பப் பல் வேறு. கயிறு அறுக்கிறது, சுள்ளி பிளக்கிறது. மரத்தைச் சீவினால் மட்டும் சுருள் வருவதில்லை. உள்ளே இறங்கி, நார் போன போக்கில் பிளந்துகொண்டு ஓடுகிறது. தாளைச் சுத்தமாக அறுப்பதால் கூரில் குறையில்லை. வேறு எஃகில் வாங்கினால் சரியாகுமா? மடக்குக்கத்தியே போதுமா?

சாணைக்கல்:
எஃகின் மீது பழியில்லை, தடிமன்தான் காரணம். விளிம்பு அறுத்த இடத்துக்குள் பின்னால் வரும் 5 மி.மீ. ஆப்பாக இறங்குகிறது, மரம் பிளக்காமல் என்ன செய்யும்?

8 முதல் 10 செ.மீ. நீளம், 2.5 அல்லது 3 மி.மீ. தடிமன், ஸ்காண்டி சரிவு. இவ்வளவு பார்த்தால் போதும். ஸ்காண்டியில் இருபுறமும் ஒரே தட்டையான சரிவு நேராக விளிம்பில் முடியும். அந்தச் சரிவை மரத்தின்மேல் படிய வையுங்கள். முதுகை இம்மி தூக்கினால் கடிக்கும், தாழ்த்தினால் வழுக்கி வெளியே வரும். சீவலின் கனம் உங்கள் மணிக்கட்டில் இருக்கும். தீட்டும்போதும் அதே சரிவு கல்லில் தானாகப் படியும், கோணம் தேட வேண்டியதில்லை. மோரா நிறுவனத்தின் கம்பானியன் கத்தி ஏறக்குறைய இந்த அளவுதான்.

முதுகில் பல் உள்ள கத்தியே வேண்டாம். நுணுக்கமாகச் சீவும்போது மறுகையின் கட்டைவிரல்தான் முதுகைத் தள்ளுகிறது. அங்கே பல் இருந்தால் விரல் என்ன ஆகும்?

மரத்தூள்:
தடிமன் பற்றிச் சொன்னது சரி, ஆனால் மரத்தையும் கேட்க வேண்டும். காய்ந்த கட்டையோடு மல்லுக்கட்டுகிறீர்களா? பச்சை மரம் பாதி வேலையைக் குறைக்கும். நார் உள்நோக்கிச் சாயும் பக்கமாகச் சீவினால் எந்தக் கத்தியும் பிளக்கும். கட்டையைத் திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்.

மடக்குக்கத்தியை ஒதுக்கிவிட வேண்டாம். 8ஆம் எண் ஓப்பினெல் மடக்குக்கத்தியின் 8.5 செ.மீ. அலகு மெல்லியது, அருமையாகச் சீவும். மழையில் மரப்பிடி ஊறி, திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது அதன் குணம். ஆனால் அதை வைத்துக் கட்டையால் தட்டி விறகு பிளக்க நினைக்காதீர்கள், கீல் தாங்காது. கரண்டியின் குழிக்கு எப்படியும் வளைந்த கொக்கிக்கத்தி தனியாக வேண்டும். நேர் அலகால் அது ஆகாது.

காட்டுவழி:
நன்றி. கட்டை காய்ந்ததுதான். இன்னும் இரண்டு சந்தேகம்: பழைய கத்தியையே மெல்லியதாகத் தேய்க்கலாமா? கார்பன் எஃகா, துருப்பிடிக்காததா?

சாணைக்கல்:
தேய்க்க வேண்டாம். கையால் தேய்த்தால் முடிவே வராது. சாணை இயந்திரத்தில் சூடேறி விளிம்பில் நீலம் பாய்ந்தால் அங்கே பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது என்று பொருள். அது விறகு பிளக்கவே இருக்கட்டும்.

கார்பன் எஃகு தீட்டச் சுலபம். ஆனால் ஈரத்தோடு தோலுறையில் போட்டால் துருப்பிடிக்கும். பழம் நறுக்கிய பின் வரும் சாம்பல் கறை துரு இல்லை, விட்டுவிடலாம். மழையிலும் கடலோரத்திலும் அலைபவர் என்றால் 12சி27 போன்ற துருப்பிடிக்காத எஃகு போதும். என் ஓட்டு அதற்கே.

காட்டுவழி:
மெல்லிய ஸ்காண்டி வாங்கிவிட்டேன். சுருள் வருகிறது! ஆனால் கணு ஒன்றில் பட்டதும் விளிம்பு ஓரிடத்தில் மடங்கி, விளக்கொளியில் வெள்ளைக் கோடாக மின்னுகிறது. கத்தியில் கோளாறா?

மரத்தூள்:
கோளாறு இல்லை. அவ்வளவு மெல்லிய விளிம்பு கணுவில் மடங்கத்தான் செய்யும். முதலில் சரிவைக் கல்லில் படிய வைத்து அந்த மினுக்கம் மறையும் வரை தேயுங்கள். பிறகு முதுகைச் சற்றே தூக்கி, அழுத்தாமல் இருபுறமும் சில இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத சிறு சரிவு ஒன்று விழும், விளிம்பு உறுதியாகும். கடைசியில் தோல் பட்டையில், கூர் பின்தங்கி வரும்படி இழுத்துப் பிசிறை எடுங்கள்.

கணுவை நேராகத் தாக்காமல் இருபுறமிருந்தும் மெல்லிய சீவல்களாக எடுங்கள். தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவாதீர்கள், அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, கட்டையை முழங்காலுக்கு வெளியே பிடியுங்கள்.