ஹைலக்ஸ் 3எல் டீசல் கெப்: காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ரம்பொடை ஏற்றத்தில் இழுவையும் இல்ல

கந்தப்பளை கெப்:

வணக்கம் அண்ணன்மார். வண்டி 1994 டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப், எல்.என். 106, 3எல் என்ஜின் (டொயோட்டா டீசல் என்ஜின் வகைப் பெயர்), ஃபோர்வீல், டேர்போ (காத்தை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுறது) இல்லாதது. கீழே மரக்கறி இறக்கும், திரும்பி வரும்போது கம்பளையிலிருந்து உரம் ஏத்தி வரும். ரெண்டு பிரச்சினை.

ராத்திரி நிப்பாட்டினா காலையில லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது. ஆனா முதல் பத்துப் பதினைஞ்சு செக்கனுக்கு சைலன்சரில் புகையே இல்ல. அப்புறம் வெள்ளையா தள்ளி, கொஞ்ச நேரம் தடதடத்துட்டு சரியாகிடும். சூட்டில் ஒரே தட்டில் எடுக்கும்.

ரெண்டாவது, லோடோட நுவரெலியா ரோட்டில் வரும்போது புசல்லாவை வரைக்கும் ஒழுங்கா வருது. ரம்பொடை வளைவுகளில் ரெண்டாம் கியரிலும் மூச்சு வாங்குது. ஓரமா நிப்பாட்டி அஞ்சு நிமிஷம் விட்டா திரும்ப இழுக்கும்.

ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குறது) நாலும் புதுசு, பெட்டரி புதுசு. போன சர்விஸில் ஒயில், டீசல் பில்டர் மாத்தியாச்சு. கராஜில் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் இறக்கி ஓவரோல் பண்ணணும், கூடவே ஒரு டேர்போவும் போட்டுடலாம்னு சொல்றாங்க. எதில் கை வைக்கிறது?

ஸ்பேனர் 17:

பம்பில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் தம்பி. மூணு விஷயம் சொல்லுங்க. ராத்திரி வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்குது, மூக்கு மேலேயா கீழேயா? ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கறுப்புப் புகை வருதா? காலைப் பிரச்சினை பில்டர் மாத்துறதுக்கு முன்னாடியே இருந்ததா, பிறகு வந்ததா?

ஏன் கேக்கிறேன்னா, சுத்தும்போது புகையே இல்லைன்னா சிலிண்டருக்கு டீசல் போகலைன்னு அர்த்தம். டீசல் போய் எரியாமல் இருந்தா முதல் செக்கனிலிருந்தே வெள்ளைப் புகையும் டீசல் நாத்தமும் வரும். அப்படி வந்தாத்தான் ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காத்து அமுங்கும் அழுத்தம்), டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) பக்கம் போகணும். உங்களுக்கு முதலில் ஒண்ணும் வராமல் பிறகு வெள்ளை வருது. லைனில் காத்து நிக்குது.

கந்தப்பளை கெப்:

வீட்டுப் பாதை சரிவு, எப்பவும் மூக்கு மேல பார்த்துத்தான் நிக்கும். ஏற்றத்தில் கறுப்புப் புகை வரவே இல்ல. காலைப் பிரச்சினை சர்விஸுக்குப் பிறகுதான், நீங்க கேட்டதும்தான் யோசிக்கிறேன். ஏற்றத்துப் பிரச்சினை அதுக்கு முன்னாடியே லேசா இருந்தது.

ஸ்பேனர் 17:

கறுப்புப் புகை இல்லைன்னா ஏற்றத்திலும் டீசல்தான் பத்தல. அப்போ ரெண்டு கோளாறு, ரெண்டும் ஒரே லைனில். டாங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு லைன்தான் அது.

இந்த என்ஜினில் டாங்கிலிருந்து டீசலை அனுப்ப தனி லிஃப்ட் பம்ப் கிடையாது. இன்ஜெக்ஷன் பம்புக்கு உள்ளே இருக்கும், தகடுகள் சுத்தி இழுக்கிற சின்ன வேன் பம்ப்தான் டாங்கிலிருந்து டீசலை இழுக்குது. அதனால் ஓடும்போது அந்த லைனில் எங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லைன்னு பார்த்து லைன் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணுற இடத்தில்தான் பலர் பம்பை இறக்கிடுறாங்க. வண்டி மூக்கு மேலே நிக்கும்போது என்ஜின் உயரத்தில், டாங்க் தாழ்வில். ராத்திரி முழுக்கக் காத்து மெதுவா நுழைஞ்சு, டீசல் டாங்குக்கே இறங்கிடும்.

முதலில் செலவில்லாத சோதனை. இன்னைக்கு ராத்திரி டாங்கை நிரப்பி, மூக்கைக் கீழே பார்த்து நிப்பாட்டுங்க. சக்கரத்துக்குக் கல் வைங்க, ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. காலையில் ஒரே தட்டில் எடுத்தா விஷயம் உறுதி. பில்டருக்கும் பம்புக்கும் கீழே ஒரு கார்ட்போர்ட் போட்டு வைங்க. இப்போ டாங்க் மட்டம் உயரத்தில் இருப்பதால், காத்து நுழையும் அதே ஓட்டையில் டீசல் கசிந்து ஈரம் காட்டலாம்.

அடுத்த ராத்திரி பழையபடி மூக்கு மேலே. காலையில் சாவி திருப்ப முன், பில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை இறுகும் வரை அமுக்குங்க. அதுக்குப் பிறகு உடனே ஸ்டார்ட் ஆனா ஹீட்டர் பிளக் மேலே சந்தேகமே வேண்டாம்.

பிறகு இடம் பிடிக்கணும். உள்விட்டம் 8 மி.மீ., உள்ளே தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒரு அடி வாங்குங்க; கழட்டின பழைய ஹோஸைக் கடைக்குக் கொண்டு போய் அளவு பார்க்கிறது நல்லது. அதை முதலில் பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் போடுங்க. காத்தை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு நிமிஷம் ஐடிலில் விட்டுப் பிறகு ரேஸ் பண்ணிப் பாருங்க. குமிழ் ஓடினா ஹோஸைக் கழட்டி, டாங்க் லைனுக்கும் பில்டருக்கும் நடுவில் மாத்துங்க. அங்கேயும் குமிழ் வந்தா ஓட்டை டாங்க் பக்கம். அங்கே இல்லாமல் பில்டருக்குப் பிறகு மட்டும் வந்தா பில்டர் தலையில்தான். கண்ணாடி ஹோஸ் சோதனைக்கு மட்டும். டீசல் பட்டால் நாளடைவில் இறுகி வெடிக்கும், அப்படியே விட்டு ஓட வேண்டாம்.

என் சந்தேகம் முழுக்கப் பில்டருக்கு அடியில் இருக்கும், டீசலில் தண்ணி சேர்ந்தா காட்டுற தண்ணி சென்சரில். பில்டர் மாத்தும்போது அதைப் பழையதிலிருந்து கழட்டிப் புதுசில் போடணும். அதன் பழைய ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்), அதுவும் காய்ஞ்சபடி, திரும்பப் போட்டா முறுகி உட்காரும்.

பண்டாரவளை ஸ்பெயார்ஸ்:

இவ்வளவு தேடுறதுக்குப் பதிலா டாங்க் பக்கத்தில் ஒரு சின்ன இலெக்ட்ரிக் பம்ப், 3 முதல் 5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளுறது, போட்டா ரெண்டு பிரச்சினையும் தீரும். லைனில் எப்பவும் அழுத்தம் இருக்கும், காத்தை எடுக்கவும் லேசு. கொஞ்சப் பேர் டாங்க் பக்கம் ஒன்வே வால்வும் போடுறாங்க.

ஸ்பேனர் 17:

லைன் சுத்தமான பிறகு போட்டா நான் எதிர்க்க மாட்டேன். ஓட்டையோட போட்டா காத்து உள்ளே போன அதே இடத்தில் டீசல் வெளியே பீச்சும். அது சூடான எக்ஸோஸ்ட்டில் பட்டா ஆபத்து. டாங்குக்குள் டீசலை வடிக்கும் அரிப்பான் வலை அடைச்சிருந்தா அந்தப் பம்பும் காய்ஞ்சு ஓடிச் சாகும். ஒன்வே வால்வு நோயை மறைக்கும், அவ்வளவுதான். அதைவிட மோசம், பெற்றோல் வண்டிக்குப் போடுற பிளாஸ்டிக் பில்டரை டாங்க் லைனில் சொருகுறது. கிளிப் இறுக்கும்போது அதன் கழுத்தில் மயிர் வெடிப்பு வந்து, அதுவே புது ஓட்டையாகும்.

ஹட்டன் ரோட்:

ரெண்டு பேருக்கும் நடுவில் ஒண்ணு சொல்றேன். ஹீட்டர் பிளக் புதுசுன்னு சொல்றீங்க, எத்தனை வோல்ட்னு பார்த்தீங்களா? இந்த என்ஜினுக்கு ரெண்டு விதமான ஹீட்டர் முறை வந்திருக்கு. ரெண்டு ரிலேயும் ரெசிஸ்டரும் உள்ள வண்டிக்குக் குறைந்த வோல்ட் பிளக். அதை நேரடி 12 வோல்ட்டில், பட்டனை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி வயர் பண்ணினா சில நாளில் நுனி வீங்கி உடைஞ்சு சிலிண்டருக்குள்ளே விழலாம். 12 வோல்ட் பிளக்கை ரெசிஸ்டர் முறையில் போட்டா அரைச் சூடுதான் ஏறும். பிளக்கின் உடம்பில் எண் அடிச்சிருக்கும், பாருங்க. சோதிக்க மேல் பட்டியைக் கழட்டி, பெட்டரி பிளஸிலிருந்து டெஸ்ட் லாம்ப் வழியா ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்க. எரியாதது செத்தது. ஸ்டார்ட்டர் சுத்தும்போது பெட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இன்னொண்ணு. ஜனவரி, பெப்ரவரிக் குளிரில் காத்து வாயில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கிறதையும், துணியைக் கொளுத்திப் பிடிக்கிறதையும் விடுங்க. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் டீசல் என்ஜினில் ஈதர் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும்.

கந்தப்பளை கெப்:

பிளக்கில் எண் பார்த்தேன், ரிலே முறைக்குச் சரியானதுதான். மூக்கு கீழே நிப்பாட்டினா ஒரே தட்டில் எடுத்தது. மூக்கு மேலே நிப்பாட்டி, கைப்பம்ப் அடிச்சாலும் அப்படித்தான். கண்ணாடி ஹோஸில் பில்டருக்குப் பிறகு குமிழ் ஓடுது, பில்டருக்கு முன்னாடி இல்ல. சென்சர் ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையா நசிஞ்சிருக்கு.

ஸ்பேனர் 17:

ஓ-ரிங்கை டீசலுக்குரிய நைட்ரைல் ரப்பரில் வாங்குங்க. தண்ணிக் குழாய்க்கு விக்கிற ரிங் டீசலில் ஊறி வீங்கும். பள்ளத்தைத் துணியால் துடைச்சு, ரிங்கில் டீசல் தடவி, கையால் மட்டும் இறுக்குங்க. பில்டரின் மேல் ரப்பருக்கும் அதேதான்: தலையைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று, சங்கிலி ஸ்பேனர் வேண்டாம். வடிகால் திருகையும் பார்த்துக்கொள்ளுங்க. கைப்பம்பின் டயஃபிரம் வெடிச்சிருந்தாலும் இதே குணம்தான், அமுக்கும்போது அதன் ஓரத்தில் ஈரம் வரும்.

ஹோஸ்கள் 1994இல் வந்தவைன்னா அதையும் மாத்திடுங்க. வளைச்சுப் பார்த்தா முனையில் கோடு கோடா வெடிப்புத் தெரியும். ஸ்பிரிங் கிளிப் தளர்ந்திருந்தா சின்ன டீசல் ஹோஸ் கிளாம்ப் போடலாம். பட்டியில் வெட்டு உள்ள பெரிய ரேடியேட்டர் கிளாம்ப் ரப்பரை அறுக்கும்.

பம்பில் குழாய் கழட்டினா ஒரு எச்சரிக்கை. டீசல் போற போல்ட்டும் ரிட்டர்ன் போல்ட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. ரிட்டர்ன் போல்ட்டுக்குள்ளே ஊசித் துளை இருக்கு. இடம் மாறினா பம்புக்குள் அழுத்தம் நிக்காது, டீசலும் ஒழுங்கா வராது. செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு.

கைப்பம்ப் இறுகிய பிறகும் எடுக்கலைன்னா, இன்ஜெக்டர் பக்க உயர் அழுத்தக் குழாய் நட்டுகளை 17 ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தளர்த்தி, நட்டோரத்தில் டீசல் வரும் வரை ஸ்டார்ட்டரைச் சுத்தி, திரும்ப இறுக்குங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. கசிவைப் பார்க்க விரலை வைக்காதீங்க. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

கந்தப்பளை கெப்:

ரிங், ரெண்டு ஹோஸ், கிளாம்ப் போட்டாச்சு. மூக்கு மேலே நிப்பாட்டியும் காலையில் உடனே எடுக்குது. ஆனா ரம்பொடையில் அதே மூச்சுத்தான்.

ஸ்பேனர் 17:

அது டாங்க் பக்கம். முதலில் அடுத்த தடவை மூச்சு வாங்கும்போது நிப்பாட்டி டாங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ளே இழுத்தா மூடியின் காத்துத் துளை அடைப்பு. மூடியைக் கழுவினாலே முடிஞ்சது.

சத்தம் இல்லைன்னா தொட்டியில் உள்ள அரிப்பான். நிறுத்தினா அழுக்கு அடியில் உதிர்ந்து வழிவிடும், ஓடினா திரும்ப ஒட்டிக்கொள்ளும். அஞ்சு நிமிஷக் கதை அதுதான். உறுதிப்படுத்த, பின் பெட்டியில் 10 லீட்டர் கேன் ஒன்றை இறுக்கிக் கட்டி, அதிலிருந்து நேரே பில்டருக்கு ஹோஸ் விட்டு அதே ஏற்றத்தை ஏறிப் பாருங்க. ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்கே விடணும். பம்ப் எரிக்கிறதுக்கு மேல் நிறையத் திருப்பி அனுப்பும், இல்லாட்டி கேன் வழியிலேயே காலி. ஹோஸ் எக்ஸோஸ்ட்டைத் தொடாமல் பார்த்துக்கோங்க.

கேனில் நல்லா இழுத்தா டாங்கை இறக்குங்க. கம்ப்ரசரால் பின்னோக்கி ஊதினாலும் இழுவை வரும், ஆனா அழுக்கு உள்ளேயே இருக்கும், கொஞ்ச நாளில் திரும்பும். ஊதினால் மூடியைத் திறந்து, பில்டர் பக்க லைனைக் கழட்டி, 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல்.

கந்தப்பளை கெப்:

மூடியில் சத்தம் இல்ல. கேனில் ரெண்டாம் கியரில் தாராளமா ஏறிச்சு. டாங்க் இறக்கினேன். அடியில் கறுப்பு வழுவழுப்புக் குழம்பும் தண்ணியும். அரிப்பான் முக்கால்வாசி மூடியிருந்தது.

ஹட்டன் ரோட்:

தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் கிருமிதான் அந்தக் குழம்பு. மலையில் பகல் சூடு, ராத்திரிக் குளிர். அரை டாங்கில் நிப்பாட்டினா மேல்பாதிக் காத்தின் ஈரம் தகட்டில் வேர்த்து இறங்கும். டாங்கைச் சுத்த டீசலில் அலசி வெயிலில் காய வைங்க, தண்ணியால் கழுவினா துரு பிடிக்கும். இனி ராத்திரிக்கு முன் நிரப்புங்க. மழைக்காலத்தில் மாசம் ஒருக்கா பில்டர் வடிகாலைத் திறந்து, கைப்பம்ப் அடிச்சு, ஒரு கப் எடுத்துப் பாருங்க. டாங்க் கழுவின பிறகு போடுற முதல் பில்டரை சீக்கிரமே மாத்தணும், லைனில் மிச்சம் இருக்கிற குழம்பு அதில் சேரும்.

டேர்போ கதைக்கு வருவோம். நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரத்தில் காத்து கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிவு. டேர்போ இல்லாத என்ஜின் அவ்வளவு இழக்கத்தான் செய்யும், அதைக் கோளாறுன்னு எடுக்க வேண்டாம். 3எல் கம்ப்ரெஷன் 22க்கு 1. டேர்போவுக்கென்று செய்த பிஸ்டன் அதில் இல்லை. வேலைக்குப் போற வண்டியில் ஒட்டுப்போட்ட டேர்போ முதலில் ஹெட்டைத்தான் தின்னும். பம்பின் பின்பக்க ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டச் சொல்வாங்க. காத்து இல்லாத மலையில் அது கறுப்புப் புகையா மட்டும் வெளியே போகும், வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையிலும் விழும்.

சந்தேகம் தீரணும்னா கம்ப்ரெஷன் அளந்து பாருங்க. நல்ல என்ஜினில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ, கடைசி எல்லை 20, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் கூடாது. அதில் தேறினா அந்தக் காசை ரேடியேட்டர் கழுவவும், பிரேக் ஒயில் மாத்தவும், பின் பிரேக் பார்க்கவும் போடுங்க. மரக்கறி லோடோட இறங்கும்போது அதுதான் உயிர்.

கந்தப்பளை கெப்:

சரி அண்ணே, டேர்போ வேண்டாம். டாஷில் டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) லைட் எரியுது, மீற்றரில் 3 லட்சம் தாண்டிட்டுது. எப்ப மாத்தினதுன்னு யாருக்கும் தெரியாது.

ஸ்பேனர் 17:

லோடு ஏத்துறதுக்கு முன் அதை மாத்துங்க. ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு பெல்ட். அறுந்தா வால்வு பிஸ்டனில் அடிக்கும். பெல்ட்டோட டென்ஷனர், ஐட்லர் பேரிங் ரெண்டும் புதுசு, முன் கிராங் சீலும் கேம் சீலும் அப்பவே. கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார்ஸ் கடைகளில் வாங்கினா டென்ஷனர் பேரிங்கைக் கையில் சுத்திப் பார்த்து எடுங்க, பழசைக் கழுவி விக்கிறதும் இருக்கு. கிராங்க், கேம், பம்ப் மூணு புல்லியின் குறியும் பொருந்துதான்னு பார்த்து, பெல்ட் போட்ட பிறகு கிராங்கைக் கையால் ரெண்டு முழுச் சுற்று சுத்தி, குறிகள் திரும்ப நேராக வந்தா மட்டும் மூடுங்க.