மெக்கானிசம் டிசைன்: 'பொறிமுறை' வேண்டாம், 'விதிவகுப்பு' என்போமா?

அனைவருக்கும் வணக்கம். பாடத்திட்டத்துக்காக 'மெக்கானிசம் டிசைன்' என்ற பொருளியல் துறைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு கருத்து:

> மெக்கானிசம் என்றால் பொறிமுறைதானே? 'பொறிமுறை வடிவமைப்பு' என்றே வைத்துவிடலாம்.

அகராதிப்படி சரிதான் ஐயா. ஆனால் 'பொறிமுறை' என்றதும் மாணவர்களுக்குப் பற்சக்கரமும் நெம்புகோலும்தான் தோன்றும். 2007-இல் ஹர்விக்ஸ், மாஸ்கின், மையர்சன் மூவருக்கும் பொருளியல் நோபல் பரிசு பெற்றுத்தந்த இந்தத் துறையில் இயந்திரமே இல்லை. அவரவர் ஆதாயத்தைப் பார்க்கும் பலர் கூடும் இடத்தில் என்ன விதி வைத்தால் நாம் விரும்பும் முடிவு கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

பொருளியலாளர் விக்ரி 1961-இல் ஆராய்ந்த ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் மூடிய உறையில் 100, 80, 50 என்று கேட்கிறார்கள். பொருள் 100 கேட்டவருக்கு. ஆனால் அவர் கட்டுவது அடுத்த உயர்ந்த தொகையான 80. அவர் 90 என்று எழுதியிருந்தாலும் 80தான் கட்டியிருப்பார். 75 என்று எழுதியிருந்தால் பொருளே கைநழுவியிருக்கும். ஆக, மனத்தில் உள்ள மதிப்பை அப்படியே எழுதுவதுதான் அவருக்கு நல்லது. இதைச் சாதித்தது விதி. அதனால்தான் 'விதிவகுப்பு' என்கிறேன். வியூகம் வகுக்கிறோம், திட்டம் வகுக்கிறோம், விதியும் வகுக்கலாம். 'விதியாக்கம்' என்றால் அரசிதழ் வாடை அடிக்கிறது.

அப்புறம், இந்தச் சொல் கணினித் துறைக்கும் ஒத்துவர வேண்டும். 1999-இல் கணினியியலார் நிசானும் ரோனனும் எழுதிய 'அல்காரிதமிக் மெக்கானிசம் டிசைன்' கட்டுரையின் பெயரிலேயே வளர்ந்த துறையின் சிக்கல் ஒன்றைப் பாருங்கள். பல பொருள்களைத் தொகுப்பு தொகுப்பாக ஏலம் விட்டால், யாருக்கு எதைக் கொடுப்பது மிகச் சிறந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பொருள்கள் கூடக் கூடக் கணினியும் திணறிவிடும். சரி, தோராய விடை போதும் என்று இறங்கினால் விக்ரி வழிவந்த கட்டண விதி பலிக்காமல் போகலாம்; பொய்யான தொகை எழுதியவர் லாபம் பார்த்துவிடுவார். பொருளியலார் விதியையும் கணினியியலார் கணக்கையும் தனித்தனியே செய்துவிட்டுப் பிறகு ஒட்டவைக்க முடியாது. தேடுபொறி விளம்பர ஏலத்தைப் படிக்கும் வணிகவியல் மாணவருக்கும் இதே பாடம்தான் தேவை. மூன்று துறையும் ஒரே வகுப்பறையில் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 'அல்காரிதமிக் மெக்கானிசம் டிசைன்' என்பதற்குப் 'படிமுறை விதிவகுப்பு' பொருந்தும்.

இன்னொன்று. 'இன்சென்டிவ் கம்பாட்டிபிலிட்டி'க்கு 'ஊக்க இயைபு' என்று ஒரு பரிந்துரை வந்தது. இங்கே யாரும் யாரையும் ஊக்குவிக்கவில்லை. உண்மையைச் சொல்வதும் சொந்த ஆதாயமும் ஒத்துப்போகின்றன, அவ்வளவே. 'ஆதாய இயைபு' எப்படி? பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்பும் முன் கணினித் துறை நண்பர்களின் கருத்து கட்டாயம் வேண்டும்.