தஸ்தக்: 'தீர்வைவிலக்குச் சீட்டு' என்னும் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வங்காள நவாபுகளுக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் மூண்ட பிணக்கை உயர்தர வகுப்பு மாணவருக்கு எழுதுகையில், 'தஸ்தக்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு நிகராகச் 'சலுகைப் பத்திரம்', 'சுங்க அனுமதிப்பத்திரம்', 'கைச்சீட்டு' ஆகியவை இங்கு முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை; 'தீர்வைவிலக்குச் சீட்டு' என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

முகலாயப் பேரரசர் பரூக்சியார் 1717இல் வழங்கிய பர்மான் என்னும் அரசாணை, ஆண்டுக்கு 3000 ரூபாய் செலுத்திவிட்டு வங்காளத்தில் தீர்வையின்றி வணிகம் செய்யக் கம்பனிக்கு இடமளித்தது. குறித்த சரக்கு கம்பனியுடையதே எனச் சான்றுகூறிக் கம்பனித் தலைமை ஒப்பமிட்டுக் கொடுத்த தாள்தான் தஸ்தக். அதைக் காட்டிய படகு ஆற்றோரச் சாவடிகளைத் தீர்வையின்றிக் கடந்தது. கம்பனி ஊழியர் தம் சொந்தச் சரக்குக்கும் அதைப் பயன்படுத்தி, உள்ளூர் வணிகருக்கு விலைக்கும் விற்றமையால் நவாபின் இறைவரி குன்றியது. நவாப் சிராஜ் உத்தௌலாவின் மனக்குறைகளுள் இதுவும் ஒன்று. 1757இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின்னர் உப்பு, பாக்கு, புகையிலை வணிகத்துக்குள்ளும் இம்முறைகேடு தடையின்றி நுழைந்தது.

'சலுகை' என்றால் கொடுப்பவரின் தயவு மட்டுமே தெரிகிறது. மற்றவர்கள் தொடர்ந்து செலுத்திவந்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. பின்வந்த நவாப் மீர் காசிமின் செயலை விளங்கிக்கொள்ள அதுவே இன்றியமையாதது. ஊழியரின் சொந்தச் சரக்குக்கு 9 விழுக்காடு தீர்வை என்று அவரும் கம்பனியின் ஆளுநர் வான்சிட்டார்ட்டும் முங்கேரில் செய்த உடன்பாட்டைக் கம்பனியின் கல்கத்தாச் சபை நிராகரித்து, உப்புக்கு மட்டும் 2.5 விழுக்காடு தரலாம் என்றது. மீர் காசிமோ 1763இல் எல்லா வணிகருக்கும் தீர்வையை அறவே நீக்கினார். கம்பனி ஊழியர் முன்போலவே ஒரு காசும் செலுத்த வேண்டியிருக்கவில்லை; எனினும் பிறரும் செலுத்தாதபோது அவர்களுடைய சீட்டு வெறுந்தாளாகிவிட்டது. அதைப் பொறுக்காமல் எழுந்த போர் 1764இல் பக்சாரில் முடிந்தது; மறு ஆண்டே வங்காளத்தின் இறைவரி உரிமையான திவானி கம்பனியிடம் சென்றது. 'விலக்கு' என்ற சொல்லில், விலக்கப்படாதவரும் உண்டு என்பது அடங்கியிருக்கிறது.

'சுங்கம்' என்றதும் திருகோணமலை மாணவருக்குத் துறைமுகமே நினைவில் எழும். வங்காளத்துப் பூசலோ உள்நாட்டு வழித்தீர்வை பற்றியது. 'கைச்சீட்டு' பாரசீக மூலத்திலுள்ள கையை நினைவூட்டினாலும் தமிழில் கடன் எழுதிக்கொடுத்த தாளையே குறிக்கும்.

இதே சொல்லை நம் கொட்டியாரக் குடாவிலும் திருகோணமலையிலும் ஒல்லாந்தர் நடத்திய வணிகக் கட்டுப்பாட்டுக்கும் வழங்கலாம் என்ற கருத்தை ஏற்பதற்கில்லை. இங்கு கண்டியரசனின் இழப்பு தீர்வை ஏய்ப்பால் வந்ததன்று. துறைமுகமே அவன் கையை விட்டுப் போயிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு உரியதாக்கியது. அதற்குத் 'துறையடைப்பு' போன்ற வேறொரு சொல்லைத் தனியே ஆராயலாம்.

'சீட்டு' என்றால் நம்மவர் மாதச் சீட்டுப் பிடிப்பதை நினைப்பார்கள் என்று யாரேனும் சொல்லக்கூடும். முன்னே 'தீர்வைவிலக்கு' நிற்பதால் அந்த மயக்கம் எழாது. முதல் வருகையில் மட்டும் தஸ்தக் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, பின்னர் தமிழ்ச்சொல்லையே ஆளலாம்.