நள்ளிரவில் குளிர் நின்ற ஏசி: 'கேஸ் போய்விட்டது' என்று 6,500 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேட்பவர் (தேவனாம்பட்டினம், கடலூர்):
கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து அம்மா அந்த ஓர் அறையில்தான் இருக்கிறார். வயது 81, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று இரவு பதினொரு மணிக்கு ஏசி திடீரென வெறும் காற்றை வீசத் தொடங்கியது. 2018இல் வாங்கிய 1.5 டன் ஸ்பிலிட், இன்வர்ட்டர் வகை அன்று. மாடியில் அவுட்டோர் விசிறி சுற்றுகிறது. அவசரத்துக்கு அழைத்த மெக்கானிக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் முழுவதும் போய்விட்டது. இரவுக் கட்டணம் சேர்த்து 6,500" என்றார். காலையில் சொல்கிறேன் என்றதும், வந்ததற்கு 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஈரத்துணியால் அம்மாவைத் துடைத்தபடியே விடிந்தது. பணத்தைப் பார்த்து அவரை வாட்டிவிட்டேனோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, முதலில் அம்மாவைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். கேஸ் என்றதும் பணத்தை எடுக்காதீர்கள். நான் இரண்டு கோடையில் இரண்டு முறை நிரப்பினேன். மூன்றாவதாக வந்தவர்தான் கசிவையே தேடினார்.

மெக்கானிக் (லாஸ்பேட்டை):
அக்கா சொல்வது சரி. கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகிற பொருள் அன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது; அதை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போய்விடும். பெரும்பாலும் குளிர் நாளுக்கு நாள் குறையும், உள்காயிலில் பனி படியும். உங்களுடையது ஒரே நொடியில் நின்றிருக்கிறது. அவுட்டோர் விசிறி சுற்றும்போது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் உறுமல் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் என் சந்தேகம், கம்ப்ரசரை ஓடவைக்க உதவும் சிறு மின்பாகமான கெபாசிட்டர் மீதுதான். வெயிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதைத் தின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், நீங்கள் திறக்க வேண்டாம். வருகிறவரிடம் கெபாசிட்டரை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கேஸ்தான் என்றால் கேஜில் (அழுத்தமானியில்) அழுத்தத்தைக் காட்டட்டும். குழாயைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கேட்பவர்:
ஐயா, உறுமல் கேட்கவே இல்லை! மஞ்சக்குப்பத்திலிருந்து வேறொருவர் வந்தார். கெபாசிட்டர் உப்பிப்போயிருந்தது. 50 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது 14தான் காட்டியது. பொருளும் கூலியும் சேர்த்து 750 ரூபாய். அம்மா தூங்குகிறார். ஆனால் அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் உதிர்கின்றன என்கிறார். அதை மாற்ற வேண்டுமா?

மெக்கானிக் (லாஸ்பேட்டை):
நல்ல செய்தி. தகடு உதிர்வது உப்புக்காற்றின் வேலை. செம்புக்குழாயில் கசிவு இல்லாத வரை மாற்ற வேண்டாம். ஆனால் தகடு போகப் போக வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் திணறும், மின்கட்டணம் ஏறும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். யூனிட் கடலைப் பார்த்து நிற்கிறதா?

கேட்பவர்:
ஆமாம் ஐயா, நேர் கிழக்கு.

மெக்கானிக் (லாஸ்பேட்டை):
மேற்குச் சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள், மேலே வெயில் மறைப்பும் போடுங்கள். கோடை முடிந்து மெக்கானிக்குகளுக்கு வேலை குறைந்ததும் செய்யுங்கள், கூலி பேசி வாங்கலாம். இடம் மாற்றிய பின் வேக்குவம் போடாமல், அதாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், கேஸைத் திறக்க விடாதீர்கள். நிரப்ப வேண்டியிருந்தால், யூனிட்டின் மேல் உள்ள விவரப் பலகையில் அச்சிட்ட கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள்.