கிட்டார் முகப்புக்குப் பலா போதுமா, ஸ்ப்ரூஸ்தான் வேணுமா?

கோபி_இழைப்புளி:
வீட்டுப் பட்டறையில் கிட்டார் செய்யப்போகும் பொள்ளாச்சித் தம்பி ஒருத்தர், முகப்புப் பலகைக்கு எந்த மரம் என்று கேட்டிருந்தார். பலாதான் என்பேன். தஞ்சாவூர் வீணையில் குடமும் மேல்பலகையும் பலாதான். 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய வாத்தியம் அது. நம்ம பக்கம் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் நன்றாக உலர்ந்த பலா கிடைத்தால், எங்கோ குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸை எதற்கு வரவழைக்கணும்?

பீளமேடு_லேத்:
அண்ணா, இதற்கு வீணை சாட்சி ஆகாதுங்க. வீணையில் தந்தி, அதைத் தாங்கும் கட்டையான குதிரையைத் தாண்டிப் போய், குடத்தின் கடைசியில் இருக்கும் நாகபாசத்தில் கட்டப்படுகிறது. பலகைக்கு வருவது கீழ்நோக்கிய அழுத்தம்தான். கிட்டாரில் குதிரையையே பலகைமேல் ஒட்டி, அதில் தந்தியைப் பூட்டுகிறோம். எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை அதைத் தாங்கணும். தாங்காவிட்டால் குதிரைக்குப் பின்னால் உப்பும், முன்னால் குழியும். ஸ்ப்ரூஸ் ஒரு கன மீட்டர் 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் மர ரேகை ஓடும் வாக்கில் நல்ல விறைப்பு. பலா அதைவிடக் கனம். தாங்கட்டும் என்று தடிமனாக விட்டால் பலகை அசையாது, சத்தம் உள்ளேயே நின்றுவிடும்.

கோபி_இழைப்புளி:
அதற்குத்தானே தம்பி உள்ளே எக்ஸ் வடிவில் சட்டம் ஒட்டுகிறோம்? நைலான் தந்தி போட்டால் இழுவை 40 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். பலாவிலும் எல்லாத் துண்டும் ஒன்றல்ல. ரேகை நேராக நிற்கும்படி அறுத்த பலகையை ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, நடுவில் விரல்முட்டியால் தட்டுங்க. ஓசை நீண்டு நின்றால் எடுத்து வையுங்க. தொப்பென்று செத்தால் அந்தத் துண்டு ஸ்டூல் செய்யத்தான் ஆகும். இழைக்க இழைக்க அந்த ஓசை இறங்கிக்கொண்டே வரும், அதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் இழைப்பை நிறுத்தணும்.

தாராபுரத்துக்காரன்:
இரண்டு பேரும் காற்றை விட்டுட்டீங்க. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கு வருவது ஈரக்காற்று. அப்போது ஒட்டிய பலகை பங்குனியில் எங்க ஊர் வறட்சிக்கு வந்தால் சுருங்கி, ரேகை வாக்கில் பிளக்கும். அது பலாவா ஸ்ப்ரூஸா என்று பார்க்காது. அறையில் ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் நிற்கும் நாளில்தான் பசையைத் தொடணும். அதை அளக்க ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டுங்க, பெரிய விலை இல்லை.

பீளமேடு_லேத்:
காற்று விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கோபி அண்ணா, நைலானுக்கு இழுவை குறைவென்றால் பலகையை அசைக்கிற பலமும் குறைவுதானே? அப்போது பலகை இன்னும் லேசாக இருக்கணும். பலாவை முதுகுக்கும் பக்கத்துக்கும் வையுங்க, நானே கைதட்டுவேன். பக்கப் பலகையை 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து நிதானமாக வளைக்கலாம். முகப்புக்கு வேண்டாங்க.

கோபி_இழைப்புளி:
நான் முகப்பைத்தான் கேட்கிறேன். பொள்ளாச்சித் தம்பி, பலாவிலும் ஸ்ப்ரூஸிலும் ஒரே நீளம், அகலம், தடிமனில் ஒவ்வொரு பட்டை எடுங்க. எடை போடுங்க. இரு முனையையும் கட்டையில் தாங்கவிட்டு, நடுவில் ஒரு கிலோ படிக்கல் வைத்து எது எவ்வளவு தொய்கிறது என்று அளந்து இங்கே போடுங்க. மிச்சத்தை அதற்கப்புறம் பேசிக்கலாம்.