177 சிசி சிலிண்டர் மாற்றியபின் சூடேறினால் நின்றுவிடும் வெஸ்பா: உதவி தேவை

நாலாம்கியர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1984 மாடல் வெஸ்பா பிஎக்ஸ் 150 இ. பழைய சிலிண்டர் தேய்ந்துபோய், சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்கியது. போர் செய்து (அதாவது சிலிண்டரைச் சற்றுக் குடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆசை யாரை விட்டது? 63 மி.மீ. உள்விட்டமுள்ள வார்ப்பிரும்பு சிலிண்டரும் பிஸ்டனும் ஹெட்டும் வாங்கி நானே பொருத்தினேன். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், பழைய 57 மி.மீ. தான். கணக்குப்படி இப்போது 177 சிசி.

முதல் 200 கிலோமீட்டர் பொத்திப் பொத்தி ஓட்டினேன். குளிர்ந்திருக்கும்போது ஒரே உதையில் கிளம்புகிறது, இழுவையும் அருமை. பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஐட்லிங் தானாக ஏறுகிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டாலும் நாலைந்து நொடி கத்திவிட்டுத்தான் இறங்குகிறது.

நேற்று முதன்முறையாக டாப் கியரில் முழுதாகத் திருகினேன். இரண்டு நிமிடம் இருக்கும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் செத்தது. கிளட்சைப் பிடித்துவிட்டேன், இன்ஜின் நின்றது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது!

கார்புரேட்டர் பழைய டெல்ஆர்ட்டோ எஸ்ஐ 20/20, அதில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட் 100. பிளக், சைலன்சர் எதையும் மாற்றவில்லை. பெட்ரோலில் 2 சதவீதம் ஆயில் கலந்துவந்தேன், பயந்துபோய் இன்று 4 சதவீதமாக்கிவிட்டேன். என்ன தவறு செய்தேன்?

கார்பன்கரி:

தவறு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 100 ஜெட்.

பழைய சிலிண்டரின் உள்விட்டம் 57.8 மி.மீ., அதாவது 149.6 சிசி. இப்போது 177.7. கிட்டத்தட்ட 19 சதவீதம் அதிகம். ஜெட்டின் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. துளையின் பரப்பு அதே 19 சதவீதம் கூட வேண்டுமானால் 109 வேண்டும். அதுவும் வெறும் கணக்கு. புது சிலிண்டரின் போர்ட்டுகள் (கலவையும் புகையும் போய்வரும் துளைகள்) பெரியவை என்பதால் 116 அல்லது 118 போட்டுத் தொடங்கி, படிப்படியாகக் கீழே வாருங்கள். மேலிருந்து இறங்கினால் புகைதான் வரும், கீழிருந்து ஏறினால் பிஸ்டன் போகும்.

இன்னொன்று. ஆயிலைக் கூட்டியது எதிர்விளைவைத்தான் தரும். ஜெட் வழியே போகும் ஒரு சொட்டில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் வறண்டுபோகிறது. 2 சதவீதத்துக்கே திரும்புங்கள்.

எண்ணெய்க்கை:

தம்பி, கிளட்சைப் பிடித்தீர்களே, அந்த ஒரு காரியத்துக்காக உங்களுக்கு ஒரு சபாஷ். நடந்தது பிஸ்டன் பிடிப்பு. சூட்டில் விரிந்த அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஆறியதும் விட்டுவிட்டது. அடுத்த முறை விடுமா என்பது சந்தேகம். எனவே வண்டியை ஓட்டாதீர்கள். ஜெட் வாங்க ஓடவும் வேண்டாம். முதலில் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனில் கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று எழுதுங்கள். சைலன்சர் பக்கம் மட்டுமா, அல்லது நான்கு மூலைகளிலுமா? நான்கு மூலை என்றால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது இன்ஜின் சூடாகும் முன்பே விரட்டியிருக்கிறீர்கள். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் கலவை, இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), காற்றுக் கசிவு, இவற்றில் ஒன்று.

பிளைவீலைக் கழற்றி, டைமிங்கைத் தீர்மானிக்கும் ஸ்டேட்டர் தட்டு எந்தக் குறியில் நிற்கிறது என்றும் பாருங்கள். ஐட்லிங் இறங்காமல் தொங்குகிறது என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது. முழு ஆக்சிலேட்டருக்கான மெயின் ஜெட்டுக்கும் ஐட்லிங்குக்கும் சம்பந்தமே இல்லையே?

தூசுதட்டி:

பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளையைப் பார்த்தீர்களா? அது அடைத்தால் இரண்டு நிமிட முழு ஓட்டத்தில் கார்புரேட்டர் காலியாகிவிடும். சற்று நின்றால் மறுபடி நிரம்பும். அறிகுறி அச்சாக இதுவே. என் வண்டியில் மூன்று மாதம் இதற்காக அலைந்தேன்.

நாலாம்கியர்:

தூசுதட்டி நண்பரே, மூடியைத் திறந்து வைத்தும் மூடி வைத்தும் குழாயிலிருந்து பெட்ரோல் வருவதைப் பார்த்தேன். தடையில்லாமல் கொட்டுகிறது. அது இல்லை.

சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். பிஸ்டனின் சைலன்சர் பக்கம் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் இழுபட்ட தடம். ரிங்குகள் நல்லவேளையாகக் காடியில் சுதந்திரமாக அசைகின்றன. பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம்தான் பார்க்கிறது, அதில் தவறவில்லை. சுவரில் மெல்லிய வெள்ளிக்கோடுபோல அலுமினியம் அப்பியிருக்கிறது. பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை.

ஸ்டேட்டர் "ஏ" குறியில் நிற்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. எனக்கு முன்னால் யாரோ வைத்தது. கசிவு இருக்காது என்று நினைக்கிறேன். எல்லா கேஸ்கட்டும் புதிது, சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸை நான் திறக்கவேயில்லை.

எண்ணெய்க்கை:

கிராங்க் கேஸைத் திறக்கவில்லை என்றால் உள்ளே கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல்களின் வயது உங்களுக்குத் தெரியாது என்றுதானே பொருள்?

இப்போது செய்ய வேண்டியது. சுவரில் ஒட்டிய அலுமினியத்தை 400 எண் உப்புத்தாளால், எண்ணெய் தொட்டு, குறுக்குமறுக்காக லேசாகத் தேய்த்தெடுங்கள். வார்ப்பிரும்பு என்பதால் தாங்கும். பிஸ்டனில் மேடாக நிற்பதை மட்டும் தட்டையாக்குங்கள், பளபளப்பாக்க வேண்டாம். ஸ்டேட்டரை "ஐடி" குறிக்குத் திருப்புங்கள். பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பொறி விழுகிறது என்பதே கணக்கு: "ஏ" குறி சுமார் 23 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 18. பிளைவீல் சுற்றும் திசையிலேயே, அதாவது கடிகார முள் திசையில், ஸ்டேட்டரைத் திருப்பினால் டைமிங் பின்தங்கும். குறியை முழுதாக நம்பாமல் ஸ்ட்ரோப் விளக்கில் ஒருமுறை சரிபாருங்கள். பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக, என்ஜிகே பி7எச்எஸ் என்றால் பி8எச்எஸ் ஆக மாற்றுங்கள். ஜெட் விஷயத்தில் கார்பன்கரி சொல்வது சரி, 116 போடுங்கள்.

நாலாம்கியர்:

எல்லாம் முடித்தேன். கேஸ்கட்டும் புதிதாக மாற்றினேன். 116 ஜெட்டில் டாப் கியரில் மூன்று நிமிடம் முழு ஓட்டம், பிடிப்பு இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, பாதி புகையால்.

ஆனால் சூடேறியபின் ஐட்லிங் ஏறுவது அப்படியே இருக்கிறது. கொஞ்சம் குறைந்ததுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கார்பன்கரி:

அப்படியென்றால் இன்னும் வறட்சிதான். 120க்குப் போங்கள், ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டையும் ஒரு எண் ஏற்றுங்கள்.

எண்ணெய்க்கை:

கார்பன்கரி, இந்த ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். கசிவு இருக்கும் இன்ஜினுக்கு ஜெட்டை ஏற்றுவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே பெரிய அண்டா வைப்பதுபோல. தரை நனையாது, கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். கசிவு வழியே வரும் காற்று ஐட்லிங்கில் பெரிய பங்கு, முழு ஓட்டத்தில் சின்னப் பங்கு. அதனால் முழு ஓட்டம் சரியாகிவிட்டதாகத் தெரிகிறது, ஐட்லிங் காட்டிக்கொடுக்கிறது. ஓட்டை பெரிதாகும் அன்று மறுபடி பிஸ்டன் பிடிக்கும்.

தம்பி, அழுத்தச் சோதனை செய்யுங்கள். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயைத் தடித்த ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டரை எடுத்து அந்தத் துளையையும் அதேபோல அடையுங்கள். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தினால், கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் டிரான்ஸ்ஃபர் வழிகள் திறந்திருக்கும், அப்போது பிளக் துளை வழியாகச் செலுத்தும் காற்று கிராங்க் கேஸ் வரை போகும். கைப் பம்பில் 0.3 முதல் 0.4 பார் போதும். அதற்கு மேல் போனால் நல்ல சீலையும் நீங்களே பெயர்த்துவிடுவீர்கள். முள் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.

இறங்கினால் சோப்பு நீரைத் தூரிகையால் தடவுங்கள். ஹெட், சிலிண்டர் அடிப்பகுதி, பிளைவீல் பக்கச் சீல். கிளட்ச் பக்கச் சீல் கியர் பாக்ஸுக்குள் இருப்பதால் கண்ணில் படாது. கியர் ஆயில் ஊற்றும் துளையைத் திறந்து அதன் வாயில் சோப்புப் படலம் வையுங்கள். படலம் உப்பினால் அந்தச் சீல் போய்விட்டது.

நாலாம்கியர்:

கண்டுபிடித்துவிட்டேன், வெட்கத்தோடு எழுதுகிறேன்.

0.35 பாரில் நிறுத்தினேன். முள் கண் முன்னாலேயே இறங்கியது, அரை நிமிடத்தில் பூஜ்யம். பிளைவீல் பக்கம் காய்ந்து கிடந்தது. கியர் ஆயில் துளைப் படலமும் அசையவில்லை. சிலிண்டர் அடியில் சோப்பு நீரைத் தடவியதும், ஒரு ஸ்டட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு குமிழி ஒன்று முளைத்தது. அது உடைந்ததும் அதே இடத்தில் இன்னொன்று. பிறகு நண்டு நுரை தள்ளுவதுபோல ஒரு கொத்து.

மறுபடி கழற்றி, கிராங்க் கேஸின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் வழியின் ஓரத்திலிருந்து வெளிவிளிம்பு வரை ஒரு கீறல். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, நகத்தால் உரசினால் தட்டுகிறது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பழைய கேஸ்கட் உரிய மறுத்தபோது ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். கை வழுக்கியது. துடைத்துவிட்டு மறந்துபோனேன். அதன்மேல் இரண்டு புது கேஸ்கட் போட்டுப் பார்த்தாயிற்று!

எண்ணெய்க்கை:

வெட்கம் எதற்கு? அலுமினிய முகத்தை இரும்பால் சுரண்டாத மெக்கானிக் இருந்தால் அவர் இன்னும் இன்ஜினையே திறக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை கேஸ்கட்டைக் கரைக்கும் திரவமோ, மரச் சில்லோ எடுங்கள். கீறல் முனையில் எழும்பி நிற்கும் மேட்டை எண்ணெய்க் கல்லால் தடவிச் சமமாக்கி, தின்னர் போட்டுத் துடைத்து, பெட்ரோலைத் தாங்கும் சீலன்ட்டை விரல் நுனியால் மிக மெல்லியதாகப் பூசி கேஸ்கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் வழிக்குள் பிதுங்கக் கூடாது. ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, டார்க் ரெஞ்சில், 18 நியூட்டன் மீட்டரைத் தாண்டாமல் இறுக்குங்கள். முதல் முறை சூடேறி முழுதாக ஆறியபின் இன்னொரு முறை.

நாலாம்கியர்:

சொன்னபடி செய்தேன். இப்போது 0.35 பாரில் ஐந்து நிமிடம் முள் அசையவில்லை. பிளக் துளை வழியே ஈயக் கம்பியை விட்டு பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்குமான இடைவெளியையும் அளந்தேன், 1.4 மி.மீ.

அரை மணி நேரம் ஓடிச் சூடேறியபின் ஆக்சிலேட்டரை விட்டால் டப்பென்று ஐட்லிங்குக்கு இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், 116 ஜெட் இப்போது அதிகமாகிவிட்டது. முழு ஓட்டத்தில் சுற்று விட்டுச் சுற்று வெடித்துக் கொரகொரவென்று திணறுகிறது. 114க்கு இறக்கினேன், பிறகு 112. புது பிளக் போட்டு, டாப் கியரில் முழு ஓட்டத்தின்போதே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து நிறுத்திப் பார்த்தேன். பீங்கானின் அடியில் டிகாஷன் நிறத்தில் வளையம், கலவை சரி.

கார்பன்கரி:

120 போடச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 112இல் நில்லுங்கள். 110 இன்னும் துள்ளும், ஆசைப்பட்டுப் போகாதீர்கள்.

நாலாம்கியர்:

போகமாட்டேன், ஐயா. ஒரே ஒரு சின்ன விஷயம். மேட்டில் நான்காம் கியரில் திருகினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. கிளட்ச்சா?

எண்ணெய்க்கை:

கிளட்ச்தான். கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வழுக்கினால், 150க்கான ஸ்பிரிங்குகளால் 177ஐப் பிடிக்க முடியவில்லை. வலுவான ஸ்பிரிங் போடுங்கள். கிளட்ச் மூடியைத் திறக்கும்போது அந்த ஸ்க்ரூடிரைவரை வேறு அறையில் பூட்டி வையுங்கள்.