மெய்யழகன்ல அந்த 18 நிமிஷத்த வெட்டுனது சரியா?

செந்தூல்காரன்:
மெய்யழகன் மறுபடி பாத்தேன். 2024ல ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே நீளமா இருக்குன்னு பேச்சு கெளம்பி 18 நிமிஷம் கிட்ட வெட்டிட்டாங்கல்ல, எனக்கு இன்னும் மனசு ஆறல. படமே ஒரு ராத்திரி பேச்சுதானே. அரவிந்த்சாமி 1996ல தஞ்சாவூர் வீட்ட சொத்து தகராறுல பறிகொடுத்துட்டு மெட்ராஸ் போறாரு, 22 வருஷம் கழிச்சு தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வராரு, வந்த எடத்துல கார்த்தி அத்தான் அத்தான்னு ஒட்டிக்கிறாரு, இவருக்கு ஆளு பேரே ஞாபகம் வரல. அந்த கூச்சம் பாசமா மாற நேரம் வேணாமா? அவசரப்படுத்துனா எப்படிலா வரும்? நீங்க என்ன நெனைக்கிறீங்க?

பிறையூரான்:
வெட்டுனது சரிதான் தம்பி. ஜல்லிக்கட்டு, தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு, ஈழம்னு கார்த்தி ஆரம்பிச்சதும் அங்க டைரக்டர்தான் பேசுறாரு, அந்த வெள்ளந்தி மனுஷன் காணாம போயிடுறான். அந்த டைரக்டர் பிரேம்குமார் தன்னோட முந்தின படம் ‘96’லயும் ஒரே ராத்திரிய வச்சுத்தான் எடுத்தாரு, அதுல ரெண்டு பேரும் சொல்லாம முழுங்குறதுதான் நம்மள உலுக்கும். இதுலயே சைக்கிள் விஷயம் பாருங்க, அரவிந்த்சாமி விட்டுட்டு போன பழைய சைக்கிள் கார்த்தி குடும்பத்தயே தூக்கி விட்டிருக்குன்னு தெரிய வர்றப்ப நெஞ்சு அடைச்சிருச்சு. அதுக்கு மேல பிரசங்கம் எதுக்கு?

பந்திங் மலர்:
எனக்கு நீளமெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல. அரவிந்த்சாமிக்கு வீடு போனாலும் நின்னு பாக்க தெரு இருக்கு, அத்தான்னு கூப்புட ஆளு இருக்கு, இங்க மலேசியால எங்க தாத்தா ரப்பர் பால் மரம் வெட்டுன தோட்டத்துல இப்ப தொழிலாளிங்க இருந்த லயமும் இல்ல கோயிலும் இல்ல, முழுக்க தாமான்னு சொல்ற புது குடியிருப்புதான். அதனாலதான் எல்லாரும் ஜகாட்ங்கற மலேசிய தமிழ் படத்தயும் பாருங்கன்னு சொல்றேன். சஞ்சய் குமார் பெருமாள் 2015ல எடுத்தது. தோட்டத்துலருந்து தள்ளப்பட்ட சனங்க 90கள்ல புறம்போக்குல கெடந்து பட்ட பாடு, அப்போய்ங்கற பையன் அப்பாகிட்டயும் ஸ்கூல்லயும் அடி வாங்கி வாங்கி குண்டர் கும்பல் பக்கம் சாயுறது, எதையும் பூசி மெழுகாம காட்டிருப்பாரு. 2016 மலேசிய திரைப்பட விழாவுல மலாய் படத்துக்கு தனி பரிசு, மத்த மொழிக்கு தனின்னு பிரிக்க பாத்து, எதிர்ப்பு வந்ததும் மாத்துனாங்க, கடைசில சிறந்த மலேசிய படம் பரிசு ஜகாட்டுக்குத்தான் கெடச்சுச்சு. அன்னிக்கு எங்க வீட்ல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம்.

செந்தூல்காரன்:
அக்கா சொன்னது உண்மைதான், ரெண்டு படத்தயும் இப்படி சேத்து யோசிச்சதே இல்ல. ஆனா பிறை அண்ணே, ஈழம் பேசுறது எனக்கு பிரசங்கமா படல. கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி நம்ம ஆளுங்க உக்காந்தா அரசியல், மாடு, செத்தவங்க கத எல்லாம் கலந்துதானே வரும்? சைக்கிள் சீன் பத்தி மட்டும் ஒத்துக்குறேன், அதுக்கு ஈடே இல்ல. அக்கா, ஜகாட் இப்ப எங்க பாக்கலாம்? என் தங்கச்சி இன்னும் பாக்கல.